கிரேன்களை எண்ணினால் நகரம் வளர்வது தெரியுமா?

வாசகர் கேள்வி, ஜனவரி 9

ஒரு நகரத்தில் கட்டுமானம் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள அரசுப் புள்ளிவிவரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், உயரமான இடத்தில் ஏறி நின்று டவர் கிரேன்களை எண்ணினால் போதும் என்கிறேன். கிரேன் பொய் சொல்லாது. துபாய் உச்சத்தில் இருந்தபோது உலகத்துக் கிரேன்களில் கால்வாசி அங்கேதான் நின்றன. இதை யாராவது மறுக்கிறீர்களா?

ஜனவரி 9, இரவு

பாதியை ஏற்கிறேன். முதலில் அந்தத் துபாய்க் கணக்கை ஓரமாக வைத்துவிடுவோம். 2005, 2006 வாக்கில் அது பத்திரிகைகளில் சுற்றிச் சுற்றி வந்தது. ஒருவர் 15 சதவீதம் என்பார், இன்னொருவர் 25 என்பார். எண்ணியவர் யார் என்று மட்டும் எந்தச் செய்தியிலும் இருக்காது. கால்வாசி என்று சொல்ல மொத்தம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். உலகத்தில் நிற்கும் கிரேன்களுக்கெல்லாம் சேர்த்து எந்தப் பதிவேடும் இல்லை.

அதோடு, எதைக் கிரேன் என்று சொல்கிறோம் என்பதும் இருக்கிறது. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் இரண்டு மாடி வீடு கட்டவே, மடித்துக் கொண்டுவந்து தானாக நிமிரும் சின்ன டவர் கிரேனை நிறுத்துவார்கள். அவற்றைச் சேர்த்தால் கணக்கு ஒரு மாதிரி வரும், விட்டால் வேறு மாதிரி வரும். துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்குவதும் கிரேன்தான், சாலையில் ஓடிவரும் மொபைல் கிரேனும் கிரேன்தான்.

துபாயில் அப்போது ஏராளமாகக் கட்டினார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தச் சதவீதத்தில்தான் சந்தேகம்.

ஜனவரி 10

"அப்படியானால் யாருமே ஒழுங்காக எண்ணுவதில்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள். எண்ணுகிறார்கள். எனக்குத் தெரிந்த மூன்று கணக்குகளைச் சொல்கிறேன்; மூன்றும் வெவ்வேறு விஷயத்தை எண்ணுகின்றன.

ரைடர் லெவெட் பக்னல் என்ற கட்டுமானச் செலவு ஆலோசனை நிறுவனம் ஆஸ்திரேலிய நகரங்களிலும் வட அமெரிக்க நகரங்களிலும் ஆண்டுக்கு இரண்டு முறை கிரேன் குறியீடு வெளியிடுகிறது. நகர வானில் நிலையாக நிறுத்திய கிரேன்கள்தான் கணக்கு. குடியிருப்பு, அலுவலகம், மருத்துவமனை என்று வகை பிரித்துப் போடுவார்கள். சியாட்டில் 2017 ஜூலை கணக்கில் 58 கிரேன்களோடு அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது. டொரன்டோவில் 2023 தொடக்கத்தில் 238. அந்த 238-ஐப் பற்றி அப்புறம் தனியாக எழுத வேண்டும்.

இரண்டாவது லண்டனில் டெலாய்ட் என்ற தணிக்கை, ஆலோசனை நிறுவனம் நடத்தும் கிரேன் சர்வே. 1996-லிருந்து வருகிறது. பெயரில்தான் கிரேன் இருக்கிறது. அதில் எண்ணுவது அலுவலகக் கட்டுமானத் தளங்களையும் அவற்றில் எழும்பும் சதுர அடியையும்தான். தெருத்தெருவாகப் பார்த்து, எது தொடங்கியது, எது முடிந்தது, எதற்கு ஏற்கெனவே வாடகைக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று எழுதுகிறார்கள். மூன்றிலும் எனக்கு அதிகம் பயன்பட்டது இதுதான்.

மூன்றாவது டப்ளினில். ஐரிஷ் டைம்ஸ் நாளிதழ் 2016-ல் தங்கள் அலுவலகத்தின் ஏழாவது மாடியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் கிரேன்களை மாதாமாதம் எண்ணத் தொடங்கியது. நம் நண்பர் சொல்லும் முறைக்கு இதுதான் நெருங்கியது.

ஜனவரி 10, அதே இரவு

டப்ளின் கணக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஒரே மாடி, ஒரே ஜன்னல், ஒவ்வொரு மாதமும். ஜன்னலுக்கு எதிரே உயரமாக ஒரு கட்டடம் வந்துவிட்டால் அதன் பின்னால் நிற்கும் கிரேன்கள் மறைந்துவிடும். அதாவது நகரம் வளர வளரக் கணக்கு குறையவும் கூடும். ஆனாலும் ஒரே இடத்திலிருந்து எண்ணுவதை நான் மதிக்கிறேன். போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட அது விடுகிறது. ஒரு நகரத்தை இன்னொரு நகரத்தோடு ஒப்பிட மட்டும் உதவாது.

ஜனவரி 12

நான் சில காலம் சைட்டில் பிளானிங் பார்த்தவன். கிரேனை வெளியிலிருந்து பார்ப்பவருக்கும் உள்ளேயிருந்து பார்ப்பவருக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. வேலை தொடங்கியதற்கு அடையாளம் கிரேன் என்று வெளியே நிற்பவர் நினைப்பார். உள்ளே இருப்பவருக்குக் கிரேன் வருவதற்கு முன்பே பெரும் பாடு முடிந்திருக்கும்.

நிலம் வாங்கி, அனுமதி வாங்கி, கடன் ஒப்புதலாகி, பழைய கட்டடத்தை இடித்து, பள்ளம் தோண்டி, பைல் என்னும் ஆழமான அஸ்திவாரத் தூண்களை இறக்கி, கீழே ராஃப்ட் என்னும் தடித்த அடித்தளக் கான்கிரீட் போடும்போதுதான் கிரேனுக்கான அஸ்திவாரமும் போடுவார்கள். கிரேனின் நெட்டுத் தூணான மாஸ்ட்டைத் தாங்கும் கால்களைக் கான்கிரீட்டுக்குள்ளேயே புதைத்துவிட வேண்டும். அந்தக் கால்கள் துளி சாய்ந்திருந்தாலும் மேலே போகப் போக மாஸ்ட் சாயும். அதனால் சர்வேயர் பக்கத்திலேயே நிற்பார். கான்கிரீட் போதுமான பலம் பெற்ற பிறகு ஒரு பெரிய மொபைல் கிரேன் வந்து டவர் கிரேனை நிறுத்திவிட்டுப் போகும். ஆழமான அடித்தளம் என்றால் அதற்கு முன்பே ஓர் ஆண்டு போயிருக்கும்.

போவதும் அப்படித்தான். கட்டடத்தின் எலும்புக்கூடு உச்சி தொட்டு, கண்ணாடிப் பலகைகள், மொட்டை மாடிக்கு வேண்டிய ஏசி இயந்திரங்கள், லிஃப்ட் மோட்டார் எல்லாம் மேலே போனதும் கிரேனை இறக்கிவிடுவார்கள். வாடகை மாதக் கணக்கு, சும்மா நிறுத்த யாருக்கும் மனசு வராது. ஆனால் சைட்டில் ஆட்கள் அதிகமாக இருப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். பூச்சு, டைல்ஸ், வயரிங், பிளம்பிங், பால்ஸ் சீலிங், பெயின்ட் என்று அத்தனை பேரும் உள்ளே நிற்பார்கள். வெளியே வானம் காலியாக இருக்கும்.

ஆகவே கிரேன் காட்டுவது ஒரு திட்டத்தின் நடுப்பகுதியை மட்டும். முன்னும் பின்னும் கண்ணில் படாது.

ஜனவரி 12, பின்குறிப்பு

பின்பகுதியைப் பார்க்க ஒரு வழி உண்டு: ஹாய்ஸ்ட். கட்டடத்தின் வெளிச்சுவரை ஒட்டி ஏறி இறங்கும் கூண்டு லிஃப்ட். கிரேன் போன பிறகும் அது நெடுநாள் இருக்கும். அது நிற்கும் வரிசையில் மட்டும் கண்ணாடி பொருத்தாமல் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு விட்டிருப்பார்கள். அந்தக் கோடு மூடிவிட்டால் வேலை ஏறக்குறைய முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஜனவரி 13

இப்போது டொரன்டோவின் 238.

கனடாவில் வட்டி விகிதத்தை 2022 மார்ச்சிலிருந்து மளமளவென்று ஏற்றினார்கள். அடுக்குமாடி வீடுகளைக் கட்டுவதற்கு முன்பே விற்பதுதான் அங்கே வழக்கம்; போதுமான வீடுகள் விற்றால்தான் வங்கி கடன் தரும். வட்டி ஏறியதும் அந்த முன்விற்பனை படுத்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான், 2023 தொடக்கத்தில், வானத்தில் 238 கிரேன்கள். செய்தியைப் படித்தவர்கள் நகரம் கொழிக்கிறது என்று நினைத்திருப்பார்கள். அந்தக் கிரேன்கள் பெரும்பாலும் வட்டி குறைவாக இருந்தபோது விற்ற வீடுகளைக் கட்டிக்கொண்டிருந்தன.

நம் நண்பர் சொன்னதை இங்கேதான் மறுக்கிறேன். புள்ளிவிவரத்துக்குக் காத்திருக்க வேண்டாம் என்கிறார். ஆனால் அனுமதி எண்ணிக்கையும் முன்விற்பனை எண்ணிக்கையும் கிரேனுக்கு வெகு முன்னால் வருகின்றன. கிரேன் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் புதுச் செய்தி போலத் தோன்றுகிறது. அது சொல்வது இரண்டு மூன்று ஆண்டுக்கு முன் யாரோ எடுத்த முடிவை.

ஜனவரி 14

ஒரு வாசகர் சின்னதாக ஒன்று கேட்டிருக்கிறார், தலைப்புக்கு வெளியே என்றாலும் பதில் சொல்ல ஆசை: அவ்வளவு உயரத்தில் இருக்கும் கிரேன் எப்படிக் கீழே வருகிறது?

கட்டடத்துக்கு வெளியே நிற்கும் கிரேன் என்றால் ஏறிய வழியிலேயே இறங்கும். மாஸ்ட்டைச் சுற்றி ஒரு கூண்டு இருக்கும். ஹைட்ராலிக் ஜாக் மேல்பகுதி முழுவதையும் கொஞ்சம் தூக்கும், இடையில் ஒரு துண்டு மாஸ்ட்டை நுழைப்பார்கள். அப்படித்தான் வளர்கிறது. இறங்கும்போது ஒவ்வொரு துண்டாக உருவுவார்கள். மிக உயரமான கட்டடத்தின் உள்ளே ஏறிய கிரேன் என்றால் வேறு கதை. அந்தப் பெரிய கிரேன் தன் பக்கத்திலேயே ஒரு சின்ன டெரிக்கை, அதாவது எளிதாகப் பிரிக்கக்கூடிய சின்னக் கிரேனை, தூக்கி வைக்கும். சின்னது பெரியதைக் கழற்றிக் கீழே அனுப்பும். அதைக் கழற்ற அதைவிடச் சின்னது. கடைசியில் மிஞ்சுவதைக் கையால் பிரித்து லிஃப்டில் இறக்கிவிடுவார்கள்.

ஏற்றுவதும் இறக்குவதும்தான் கிரேனின் வாழ்க்கையிலேயே ஆபத்தான நேரம். சியாட்டிலில் 2019 ஏப்ரல் 27 அன்று ஒரு டவர் கிரேனைப் பிரிக்கும்போது மாஸ்ட் சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். துண்டுகளை இணைக்கும் பின்களை முன்கூட்டியே கழற்றியதுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அந்த நால்வரில் இரண்டு பேர் கீழே சாலையில் இருந்தவர்கள். கிரேன் எண்ணிக்கையை வெறும் பொருளாதாரக் குறியாகப் பேசும்போது எனக்குள் ஏதோ உறுத்தும். ஒவ்வொன்றின் கீழேயும் சுமையைக் கட்டிவிடும் ரிகர், சைகை காட்டும் சிக்னல்மேன், மேலே தனியாக ஓர் ஆபரேட்டர் என்று மனிதர்கள் இருக்கிறார்கள்.

ஜனவரி 17

"கிரேன் பொய் சொல்லாது" என்ற வரிக்குத் திரும்புகிறேன். நிற்பது வேறு, வேலை செய்வது வேறு.

வட கொரியத் தலைநகர் பியோங்யாங்கின் ரியுக்யோங் ஹோட்டலைப் பாருங்கள். 1987-ல் தொடங்கினார்கள், 105 மாடி. 1992-ல் முழு உயரம் எட்டியதோடு பணம் தீர்ந்து வேலை நின்றது. உச்சியில் இருந்த கிரேன் அப்படியே துருப்பிடித்துக்கொண்டு நின்றது. 2008-ல்தான் மறுபடி ஆட்கள் ஏறினார்கள். 16 ஆண்டுகள்! அந்தக் காலமெல்லாம் எண்ணுகிறவர் கணக்கில் அது ஒன்று.

அதையும் மிஞ்சியது ஜெர்மனியின் கொலோன் பேராலயம். தெற்குக் கோபுரத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள், மேலே மரக் கிரேன் ஒன்று. 15-ஆம் நூற்றாண்டிலிருந்து 1868 வரை அந்தக் கோபுரத்தின் தலையில் கிரேன் இருந்தது. பழைய நகரப் படங்கள் பலவற்றில் அது தெரியும். பல தலைமுறைகள் அந்த ஊரின் அடையாளமாகவே அதைப் பார்த்து வளர்ந்தன.

நான் வேலை பார்த்த ஒரு சைட்டுக்குப் பக்கத்து மனையில் இப்படி ஒன்று நடந்தது. கட்டுபவருக்கும் கிரேன் வாடகைக்குக் கொடுத்தவருக்கும் பாக்கித் தகராறு. வேலை நின்று வெகு நாளாகியும் கிரேன் நின்றது. அதை இறக்க மொபைல் கிரேன் வேண்டும், அதற்கு யார் பணம் கொடுப்பது என்று இழுபறி. தினமும் அதைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்போம். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு எங்கள் கிரேனும் அதுவும் ஒன்றுதான்.

ஜனவரி 17, இரவு

வேலை செய்கிற கிரேனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று உடனே கேள்வி வந்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

வேலை முடிந்து ஆபரேட்டர் கீழே இறங்கும்போது, கிடையாகச் சுற்றும் கைக்கான பிரேக்கைத் திறந்து விட்டுவிடுவார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் கை தானாகத் திரும்பிக்கொள்ளும். ஆகவே விடுமுறை நாளில், அல்லது அதிகாலையில், நகரத்துக் கிரேன்களின் கைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே திசையைக் காட்டும். வேலை நாளில் காலை பத்து, பதினொரு மணிக்குப் பாருங்கள், ஆளுக்கொரு திசை. அந்த நேரத்தில் காற்றின் போக்கிலேயே மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கும் கிரேன் இருந்தால் அதில் ஆள் இல்லை. ஒரு நாள் அப்படி என்றால் பழுது பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். வாரக் கணக்கில் அப்படியே என்றால் அந்த சைட்டில் ஏதோ சரியில்லை.

ஜனவரி 18

"காற்றில் ஆடாமல் இருக்கக் கையைப் பூட்டி வைப்பார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பூட்டினால்தான் ஆபத்து. நீளமான கையின் பக்கவாட்டில் புயல் காற்று அடித்தால் அத்தனை விசையும் மாஸ்ட்டை முறுக்கும், அஸ்திவாரத்தைப் பிடுங்கப் பார்க்கும். திறந்து விட்டால் கை காற்றோடு ஒத்துப்போய்விடும். வேலை நேரத்துக்குப் பொதுவாக வடிவமைப்பில் வைக்கும் காற்றின் வேக வரம்பு மணிக்கு 72 கிலோமீட்டர். பெரிய பலகைகளைத் தூக்கும்போது அதற்கு எவ்வளவோ கீழேயே நிறுத்திவிடுவார்கள். எனவே பலத்த காற்று நாளில் எண்ணப் போகாதீர்கள். எல்லாம் செத்துக் கிடப்பது போலத்தான் தெரியும்.

நெருக்கமான பகுதிகளில் கையைச் சாய்வாகத் தூக்கி இறக்கும் லஃபிங் கிரேன்கள் இருக்கும். பக்கத்து மனைக்கு மேலே கை போகக்கூடாது என்பதற்காக அவற்றை வைப்பார்கள். அவையும் வேலை முடிந்ததும் காற்றோடு திரும்பும். கை சாய்ந்து நிற்பதால் திசை பிடிபடக் கொஞ்சம் பழக வேண்டும்.

ஜனவரி 25

ஒரு வாரமாக வேறொன்று மனத்தில் ஓடுகிறது. எத்தனை கிரேன் என்பதற்கும் எவ்வளவு கட்டுகிறார்கள் என்பதற்கும் நேரான உறவு இருக்கிறதா?

புர்ஜ் கலீஃபா 828 மீட்டர். அதன் உச்சி வேலைக்கு நின்றவை மூன்று கிரேன்கள். கான்கிரீட்டைக் கிரேன் தூக்கவில்லை. பம்ப் வைத்து 600 மீட்டருக்கு மேல் தள்ளினார்கள். கிரேனுக்கு மிஞ்சியது கம்பி, இரும்பு, ஃபார்ம்வொர்க் (கான்கிரீட் ஊற்றும் அச்சுப் பலகைகள்), கண்ணாடி. அதே துபாயில் ஏழெட்டு மாடிக் குடியிருப்பு வளாகம் ஒன்றில் அதைவிட அதிகமான கிரேன்கள் சேர்ந்து நின்றிருக்கலாம், ஏனென்றால் அகலமாகப் பரந்த இடத்தை ஒரு கையால் எட்ட முடியாது. ஆக, கிரேன் எண்ணிக்கையை முடிவு செய்வது தளத்தின் பரப்பும் ஹூக்குக்கு எத்தனை பேர் போட்டி போடுகிறார்கள் என்பதும்தான்.

ஹூக் நேரம் என்று சைட்டில் சொல்வோம். காலையில் யாருக்குக் கிரேன், எத்தனை மணிவரை என்று பலகையில் எழுதி வைப்போம். கம்பி கட்டுகிறவர்கள் முதலில், அப்புறம் சென்ட்ரிங், அப்புறம் பிளம்பிங் குழாய்கள். எல்லோருக்கும் அவசரம். ஒரு ஸ்லாப் பத்து நாளில் முடியுமா ஏழு நாளில் முடியுமா என்பது பல நேரம் அந்தப் பலகையில்தான் தீர்மானமாகும். அவசரமான முதலாளி இன்னொரு கிரேனைக் கொண்டுவருவார். அதே கட்டடம், அதே சதுர அடி, இரண்டு கிரேன்.

நகரத்துக்கு வெளியேயும் பாருங்கள். இங்கிலாந்தின் ஹிங்க்லி பாயின்ட் சி அணுமின் நிலையத் தளத்தில் 50-க்கும் மேற்பட்ட டவர் கிரேன்கள் நின்றன. அதுவோ கடலோர நாட்டுப்புறம். அந்த எண்ணைத் தனியாகப் பார்த்தால் பெரிய மாநகரம் ஒன்று முளைக்கிறது என்று நினைக்கத் தோன்றும்.

ஜனவரி 26

நேற்று எழுதியதில் பெரிய பகுதி விட்டுப்போயிற்று. உலகத்தில் வேகமாகப் பெருகும் பல நகரங்களில் கட்டுவதில் பெரும்பங்கு டவர் கிரேனைக் காணாமலே முடிகிறது. மூன்று மாடி, நான்கு மாடி வீடுகள். கலவை இயந்திரம், வின்ச், தலைச்சுமை. அங்கே கிரேனை எண்ணினால் வங்கிக் கடனும் பெரிய கான்ட்ராக்டரும் சேர்ந்த கட்டுமானம் மட்டும்தான் தெரியும். தன் சேமிப்பைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிற குடும்பம் தெரியாது. அந்த நகரங்களில் வீட்டுக்கூரைகளின் எண்ணிக்கையும், மாடியில் அடுத்த தளத்துக்காக நீட்டி விட்டிருக்கும் கம்பிகளும் கிரேனைவிட நன்றாகச் சொல்லும். கிரேன் இல்லாத நகரம் தேங்கிவிட்டது என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது.

பிப்ரவரி 2

செயற்கைக்கோள் படத்தில் எண்ணலாமே என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நானும் உட்கார்ந்து பார்த்தேன்.

ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுத்து இலவசமாகக் கிடைக்கும் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர். கிரேன் கையின் அகலம் இரண்டு மீட்டர்கூட வராது, அதுவும் இடையில் வெற்றிடம் விட்ட கம்பிப் பின்னல். தனியாகத் தெரிய வாய்ப்பில்லை. தளம் தெரியும்: பச்சையாக இருந்த இடம் மண்ணாகும், மண் சாம்பல் நிறமாகும். அதையே எண்ணலாம். அரை மீட்டர் நுணுக்கம் உள்ள கட்டணப் படத்தில் கிரேன் தெரியும். மேலிருந்து பார்க்கும்போது கிரேனைவிட அதன் நிழல்தான் எளிதாகக் கண்ணில் படும். தரையில் நீளமாக, T எழுத்தைச் சாய்த்து வைத்தது போல.

ரேடார் படம் இன்னொரு வழி. அதே வரிசையைச் சேர்ந்த ரேடார் செயற்கைக்கோள் சென்டினல்-1 அனுப்பும் அலை இரும்புச் சட்டங்களில் பட்டு நன்றாகவே திரும்பும். ஆனால் நகரத்தில் இரும்பும் மூலைகளும் எங்கே இல்லை? எல்லாம் மின்னும். அதனால் ஒரே இடத்தின் பல மாதப் படங்களை அடுக்கி, புதிதாக எது மின்னத் தொடங்கியது, எது மறைந்தது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 3

இதைவிட எளிய வழி ஒன்றை நேற்று சொல்ல விட்டுவிட்டேன்: விமானிகளுக்கான நோட்டாம் அறிவிப்புகள். விமான நிலையத்தைச் சுற்றி உயரமான எதை நிறுத்தினாலும் விமானிக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால் "தடை: கிரேன்" என்று அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று போடுவார்கள். பல நாடுகளில் பொதுமக்களும் அவற்றைப் படிக்கலாம். அமெரிக்காவில் 200 அடிக்கு மேல் எதை நிறுத்துவதானாலும், விமான நிலையத்துக்கு அருகில் என்றால் அதைவிடத் தாழ்ந்ததற்கும், குறைந்தது 45 நாட்களுக்கு முன்பே விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கிரேன் வானத்தில் தெரிவதற்கு முன்பே காகிதத்தில் தெரிந்துவிடுகிறது.

இதன் குறை உங்களுக்கே புரிந்திருக்கும். விமான நிலையத்துக்கு அருகிலுள்ள சைட்டுகள் மிகுதியாகவும் தொலைவில் உள்ளவை குறைவாகவும் பதிவாகும். ஆனால் முடிவுத் தேதி இருக்கிறதே, அதை விடாதீர்கள். அது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தால் வேலை தாமதமாகிறது என்று வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

பிப்ரவரி 11

உயரமான கட்டடம் வந்தால் பின்னாலேயே நெருக்கடி வரும் என்ற பேச்சையும் ஒருவர் இங்கே கொண்டுவந்திருக்கிறார். ஆண்ட்ரூ லாரன்ஸ் என்ற சொத்துச் சந்தை ஆய்வாளர் 1999-ல் சொன்ன வானளாவிக் குறியீடு அது. எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1931-ல் திறந்தபோது அமெரிக்கா பெருமந்தத்தில் இருந்தது. புர்ஜ் கலீஃபா 2010 ஜனவரியில் திறந்தது. அதற்குச் சில வாரம் முன்புதான், 2009 நவம்பரில், துபாய் அரசின் முதலீட்டு நிறுவனமான துபாய் வேர்ல்ட் கடனைத் திருப்பித்தர அவகாசம் கேட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நெருக்கடி வராத உயரங்களையும் உயரம் வராத நெருக்கடிகளையும் அதில் யாரும் அடுக்குவதில்லை.

எனக்கு அதில் பயன்படுவது ஒன்றே ஒன்று. பெரிய கட்டடம் தொடங்கும் முடிவு நல்ல காலத்தில் எடுக்கப்படுகிறது, முடியப் பல ஆண்டாகிறது, இடையில் காலம் மாறிவிடுகிறது. டொரன்டோ பற்றி நான் சொன்னதும் இதுதான். ஆகவே கிரேன் மிகுதியாக நிற்பதைப் பார்த்து நல்ல காலம் என்றோ கெட்ட காலம் வருகிறது என்றோ நான் சொல்ல மாட்டேன். புதிதாக ஏறுவது எத்தனை, இறங்குவது எத்தனை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மொத்தம் அப்படியே இருக்கும், ஆனால் எல்லாம் பழைய கிரேன்களாக இருக்கும். நான் பார்த்தவரை கணக்கு விழுவதற்கு முன்னால் இதுதான் தெரியும். புது மாஸ்ட் ஒன்றும் எழாது, இருப்பவை மட்டும் உயர்ந்துகொண்டிருக்கும்.

மொத்த எண்ணிக்கையைவிட ஏற்றமும் இறக்கமும்தான் பேசுகின்றன. ஜனவரி 9 அன்று நான் "பாதியை ஏற்கிறேன்" என்று எழுதியபோது இதை இவ்வளவு தெளிவாக யோசித்திருக்கவில்லை.

பிப்ரவரி 12

இரவில் சிவப்பு விளக்கை வைத்து எண்ணலாமா? வேண்டாம். முடிந்த உயரக் கட்டடங்களின் உச்சியிலும் செல்போன் கோபுரங்களிலும் அதே விளக்குதான்.

பிப்ரவரி 20

கேள்வி கேட்ட நண்பர் இப்போது தானே எண்ணத் தொடங்கிவிட்டாராம். எதையெல்லாம் குறிக்கலாம் என்று கேட்கிறார். நான் செய்வதைச் சொல்கிறேன்.

இடத்தையும் நேரத்தையும் மாற்றாதீர்கள்: வேலை நாள், முற்பகல், காற்று அதிகம் இல்லாத நாள். முதலில் ஒரு வரைபடத்தில் ஒவ்வொரு கிரேனுக்கும் ஓர் எண் கொடுங்கள். எண்ணிக்கை மட்டும் எழுதினால் அடுத்த மாதம் எது புதிது என்று தெரியாது. கட்டடம் எந்த மாடியில் நிற்கிறது என்று கிரேனுக்குப் பக்கத்தில் குறியுங்கள். போன முறை 12, இந்த முறையும் 12 என்றால், கை ஆடினாலும் ஆடாவிட்டாலும் விசாரிக்க வேண்டிய சைட் அது. கை திசையைக் காற்றோடு ஒப்பிட்டு வேலை நடக்கிறதா என்று போடுங்கள். கிரேன் போன கட்டடத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள், ஹாய்ஸ்ட் கோடு மூடும்வரை வைத்திருங்கள். வீடா, அலுவலகமா, மருத்துவமனையா என்பதை வேலி மேல் இருக்கும் பலகையே சொல்லும். கட்டுபவர் பெயரும் அனுமதி எண்ணும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

கிரேனே வராத தெரு ஒன்றையும் தேர்ந்தெடுத்து அதே நாளில் நடந்து பாருங்கள். மணல் குவியல், செங்கல் அடுக்கு, முட்டுக் கொடுத்த ஸ்லாப் எத்தனை என்று எழுதுங்கள். இரண்டு கணக்கும் எதிரெதிர் திசையில் போகும் மாதம் வந்தால் இங்கே போடுங்கள், அதைப் பார்க்க எனக்கு ஆவலாக இருக்கிறது.